அப்பாவுக்கு ஒரு நாற்காலி: 'அடோலசென்ஸ்' முதல் பகுதிக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

குற்றத் தொடர்களில் மகன் கைதானால் அப்பாவுக்கென்று ஒரு வழக்கமான இடம் உண்டு. ஸ்டேஷன் வாசல், இல்லாவிட்டால் உள்ளே ஒரு பெஞ்சு. வக்கீலுக்கு போன் போடுவார், யாராவது வெளியே வந்தால் எழுந்து நிற்பார். விசாரணை அறைக்குள் என்ன நடக்கிறது என்பது பார்க்கிற நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அடோலசென்ஸ்' தொடரின் முதல் பகுதி இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டது. கொலைச் சந்தேகத்தில் கைதான 13 வயது ஜேமி மில்லரின் அப்பா எடி, ஒரு பிளம்பர், மகனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மருத்துவப் பரிசோதனையில் இருக்கிறார், உடைகளைக் களைந்து சோதிக்கும்போது இருக்கிறார், கடைசியில் போலீஸ் அந்த சிசிடிவி பதிவை ஓட்டும்போதும் அங்கேதான் இருக்கிறார்.

முதல் பகுதியின் பலம் முழுக்க இந்த நாற்காலியில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. தொடரை எழுதிய ஜாக் தோர்ன், ஸ்டீபன் கிரஹாம் (எடியாக நடிப்பவரும் இவர்தான்) இருவரும் அதைக் கற்பனையில் கொண்டுவந்து போடவில்லை. இங்கிலாந்துச் சட்டம் 40 வருடமாகப் போட்டு வைத்திருக்கும் நாற்காலி அது. அது ஏன் அங்கே வந்தது என்று தெரிந்தால் அந்த ஒரு மணி நேரம் வேறு மாதிரித் தெரியும். (இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம். முடிவைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை.)

முதலில் என்ன நடக்கிறது என்று சுருக்கமாக. வட இங்கிலாந்தில் ஒரு விடியற்காலை. துப்பறியும் அதிகாரி லூக் பாஸ்கோம், உடன் பணியாற்றும் மிஷா ஃபிராங்க், ஆயுதம் ஏந்திய போலீஸ்படை என ஒரு கூட்டமே வந்து சாதாரணக் குடும்பம் ஒன்றின் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறது. அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் அலறுகிறார்கள். தேடி வந்த ஆள் மாடியில் படுக்கையில் இருக்கும் சிறுவன். பயத்தில் கால்சட்டையை நனைத்துவிடுகிறான். கொலைச் சந்தேகத்தில் கைது செய்வதாகச் சொல்லி, உடை மாற்ற விட்டு, வேனில் ஏற்றுகிறார்கள். ஸ்டேஷனில் பதிவு, கைரேகை, மருத்துவப் பரிசோதனை, வக்கீல், உடல் சோதனை, விசாரணை. அவ்வளவுதான் கதை. ஒரே ஷாட்டில், வெட்டே இல்லாமல், ஏறக்குறைய 65 நிமிடம்.

இதில் பெரும்பகுதி, யோசித்துப் பார்த்தால், அலுவலக வேலை. படிவம், கையெழுத்து, 'உனக்கு ஏதாவது அலர்ஜி இருக்கா?', காலைச் சாப்பாட்டுக்கு சீரியல் வேண்டுமா என்ற விசாரிப்பு. கொலைக் கதையில் இவ்வளவு படிவம் எதற்கு என்று தோன்றலாம். அந்தப் படிவங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு உண்மையான கொலை வழக்கு இருக்கிறது.

1972 ஏப்ரலில் தென்கிழக்கு லண்டனின் கேட்ஃபோர்டு பகுதியில் ஒரு வீடு தீப்பிடித்தது. அணைக்கப் போனவர்கள் உள்ளே மேக்ஸ்வெல் கான்ஃபெயிட் என்பவரின் உடலைக் கண்டார்கள். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. இரண்டே நாளில் போலீஸ் மூன்று பையன்களைப் பிடித்தது. ஒருவனுக்கு 18 வயது, ஆனால் சின்னக் குழந்தையின் மனவளர்ச்சிதான். மற்றவர்களுக்கு 15, 14. பெற்றோர் இல்லை, வக்கீல் இல்லை. கேள்வி கேட்டார்கள். மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதலைத் தவிர அவர்களுக்கு எதிராகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. இறந்த நேரத்தை வைத்துப் பார்த்தால் 18 வயதுப் பையன் அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்ததற்குச் சாட்சி இருந்தது. விசாரணையில் என்ன செய்தார்கள் தெரியுமா? இறந்த நேரத்தைத் தள்ளிப் போட்டார்கள். ஒப்புதல் வாக்குமூலத்துக்கு ஏற்றபடி மருத்துவ சாட்சியம் வளைந்தது. மூவருக்கும் தண்டனை.

1975 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. அப்புறம் சர் ஹென்றி ஃபிஷர் தலைமையில் விசாரணை, 1977-ல் அறிக்கை. மூவருமே நிரபராதிகள் என்று 1980-ல் அரசின் தலைமை வழக்கறிஞரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

இங்கே கவனிக்க வேண்டியது, குழந்தைகளைப் பெற்றோர் முன்னிலையில்தான் விசாரிக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் அப்போதே இருந்தது என்பது. நீதிபதிகள் வகுத்த விதிகளோடு உள்துறை சேர்த்துக் கொடுத்த நிர்வாகக் குறிப்பு அது. சட்டம் இல்லை. மீறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதனால் ஸ்டேஷனில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஃபிஷர் அறிக்கையைத் தொடர்ந்து ஒரு அரச ஆணையம் அமைந்தது. அது 1981-ல் அறிக்கை தந்தது. அதன் விளைவாக வந்ததுதான் 1984-ன் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் 'பேஸ்' என்பார்கள். 1986 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கூடவே நடைமுறை விதித்தொகுப்புகளும் வந்தன. காவலில் இருப்பவரை எப்படி நடத்துவது என்று சொல்லும் 'சி' தொகுப்புதான் இந்த முதல் பகுதியின் நிஜமான திரைக்கதை என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்தத் தொகுப்பில்தான் 'அப்ரோப்ரியட் அடல்ட்' வருகிறார். இங்கே துணைப் பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். கைதானவர் 18 வயதுக்குக் கீழே என்றால், அல்லது மனநலம், மனவளர்ச்சி காரணமாக எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் என்றால், ஒரு பெரியவர் உடன் இருந்தே ஆக வேண்டும். அம்மா, அப்பா, பாதுகாவலர், சமூகப் பணியாளர், யாரும் இல்லையென்றால் போலீஸோடு சம்பந்தமில்லாத வேறு ஒரு பொறுப்பான ஆள். முன்பு 17 வயதுக்காரர்களைப் பெரியவர்கள் போலவே நடத்தினார்கள். 2013-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்த பிறகுதான் அவர்களையும் இந்தக் குடைக்குள் கொண்டுவந்தார்கள்.

தொடரில் ஜேமியிடம் யார் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவன் அப்பா என்கிறான். அம்மா மாண்டா அங்கேயே நிற்கிறார். சில நொடியில் கடந்துபோகும் இடம் இது. ஆனால் அதற்குப் பிறகு நடக்கும் ஒவ்வொன்றையும் இந்தத் தேர்வுதான் தீர்மானிக்கிறது. அம்மா, அக்கா லிசா இருவரும் கதவுக்கு வெளியே போய்விடுகிறார்கள், அதாவது கேமராவுக்கும் பெரும்பாலும் வெளியே.

துணைப் பெரியவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வந்தவர் இல்லை. விசாரணை தொடங்கும்போது போலீஸ் அவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும்: நீங்கள் வெறும் பார்வையாளர் அல்ல, பையனுக்கு ஆலோசனை சொல்லலாம், விசாரணை நியாயமாக நடக்கிறதா என்று கவனிக்க வேண்டும், அவன் சொல்வது எங்களுக்கும் நாங்கள் சொல்வது அவனுக்கும் புரிய உதவ வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு முன் வீட்டுக் கதவு உடைந்து, துப்பாக்கி முன்னால் தரையில் கிடந்த மனிதர் இதையெல்லாம் செய்ய வேண்டும்! எடிக்குச் சட்டம் தெரியாது. வக்கீல் பார்லோ சொல்வதில் பாதி அவருக்கு ஏறவில்லை. தன் மகனின் காவலன், அதே சமயம் நடைமுறை சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் நடுநிலையாளர், இரண்டும் ஒரே ஆள். சட்டத்தின் இந்தச் சிக்கலைப் பற்றி ஆய்வாளர்கள் எத்தனையோ எழுதியிருக்கலாம். ஸ்டீபன் கிரஹாமின் முகம் அதை வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறது.

உடல் சோதனைக் காட்சி இதற்கு உச்சம். உடைகளைக் களைந்து சோதிப்பது என்றால் சிறுவனுடன் துணைப் பெரியவர் இருக்க வேண்டும் என்பது விதி, மிக அவசரமான சூழல்களைத் தவிர. கேமரா ஜேமியைக் காட்டவில்லை. எடியின் முகத்திலேயே நிற்கிறது. போலீஸ்காரர் சொல்லும் ஒவ்வொரு கட்டளையும் காதில் விழுகிறது, அது எங்கே போய்ப் படுகிறது என்பது எடியின் கண்களில் தெரிகிறது. எதிர்த்துச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை, ஏனென்றால் எல்லாம் விதிப்படியே நடக்கிறது. விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் சமீபத்திய உதாரணம் ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் லண்டன் ஹாக்னியில் ஒரு பள்ளிக்குள்ளேயே 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைப் பெண் போலீஸார் இப்படிச் சோதித்தார்கள், துணைப் பெரியவர் யாரும் இல்லாமல். அடையாளம் மறைக்க 'சைல்டு கியூ' என்றே குறிப்பிடுகிறார்கள். 2022 மார்ச்சில் அதைப் பற்றிய மறுஆய்வு அறிக்கை வெளியானபோது நாடே கொதித்தது. அதை நினைவில் வைத்துப் பார்க்கும் பிரிட்டிஷ் பார்வையாளருக்கு எடி அந்த அறையில் நிற்பது ஆறுதலான விஷயம். எடிக்கு அது ஆறுதலாக இல்லை. காட்சி இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது.

துணைப் பெரியவரைப் பற்றி இன்னொரு விதி இருக்கிறது, தொடர் அதை விளக்கிச் சொல்லாமல் பயன்படுத்திக்கொள்கிறது. வக்கீலிடம் கட்சிக்காரர் பேசுவது ரகசியம், நீதிமன்றம் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை. துணைப் பெரியவரிடம் பேசுவதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மகன் அப்பாவிடம் 'நான்தான் செய்தேன்' என்று அழுதால், அப்பா நாளைக்குச் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படலாம். அதனால்தான் சிறுவன் விரும்பினால் வக்கீலைத் தனியாகப் பார்க்கலாம் என்று விதித்தொகுப்பே சொல்கிறது. இது தெரிந்தால், எடி மகனிடம் 'ஒரே ஒரு தடவைதான் கேட்பேன்' என்று கேட்கும் இடம் இரட்டிப்பாகக் கனக்கும். நீ செய்தாயா? இல்லை என்கிறான் ஜேமி. எடி நம்புகிறார். நாமும் நம்ப விரும்புகிறோம்.

காவல் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருக்கும் சார்ஜென்ட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'கஸ்டடி ஆபீசர்', அதாவது காவலில் இருப்பவர்களுக்குப் பொறுப்பான அதிகாரி என்ற அந்தப் பதவியும் 1984 சட்டம் உருவாக்கியதுதான். வழக்கை விசாரிக்கும் குழுவில் அவர் இருக்கக் கூடாது. கைதானவரைக் காவலில் வைக்கப் போதிய காரணம் இருக்கிறதா என்று தீர்மானிப்பதும், சாப்பாடு, மருந்து, தூக்கம் எல்லாம் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. பாஸ்கோம் மேலதிகாரிதான், ஆனாலும் இந்த மேசைக்கு முன்னால் அவர் காரணம் சொல்லியாக வேண்டும். சீரியல் வேண்டுமா என்ற கேள்வி இந்தப் பொறுப்பிலிருந்துதான் வருகிறது. நம்மில் பலருக்கு அந்தக் கனிவு ஏதோ தந்திரம் போலத் தோன்றும். தந்திரம் இல்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பதே அங்கே கேள்வி இல்லை, கட்டம் போட்ட படிவத்தில் அந்தக் கட்டம் நிரப்பப்பட வேண்டும், அவ்வளவுதான். ஒரு குடும்பம் உடைந்துகொண்டிருக்கும்போது எல்லோரும் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்வதுதான் இந்தப் பகுதியை மூச்சுமுட்ட வைக்கிறது. அடித்தார்கள், திட்டினார்கள் என்றால் கோபப்படலாம். கோபத்தைக் கொண்டுபோய் வைக்க எடிக்கு அங்கே இடமே இல்லை.

கடிகாரமும் ஓடுகிறது. ஸ்டேஷனுக்குள் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். அதற்குள் குற்றம் சாட்ட வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். கடுமையான குற்றம் என்றால் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி 36 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் மாஜிஸ்டிரேட்டிடம் போக வேண்டும், மொத்தம் 96 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பாஸ்கோமின் அவசரத்துக்கு இது ஒரு காரணம்.

அவசரம் என்று சொல்லும்போது ஒரு குறையையும் சொல்லிவிடலாம். நிஜத்தில் இவ்வளவு வேகமாக எதுவும் நடக்காது. வக்கீல் வருவதற்கும், மருத்துவப் பரிசோதனைக்கும், போலீஸ் கேள்விகளைத் தயார் செய்வதற்கும் மணிக்கணக்கில் ஆகும். சிறையறையில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கைதானவரின் முக்கிய அனுபவம். ஒரே ஷாட் என்று முடிவு செய்துவிட்டதால் அந்தக் காத்திருப்பைக் காட்ட முடியாமல் போய்விட்டது. நிஜ நேரத்தில் ஓடும் கதை என்று பாராட்டுகிறோம், ஆனால் நிஜத்தின் மிக நீளமான பகுதி அதில் இல்லை. 13 வயதுப் பையனைப் பிடிக்க அத்தனை துப்பாக்கி தேவையா என்ற கேள்வியும் எனக்கு மிச்சம் இருக்கிறது. கத்தி இன்னும் கிடைக்கவில்லை, சாட்சியத்தை அழித்துவிடலாம் என்ற வாதம் புரிகிறது. இருந்தாலும் அந்தத் தொடக்கம் நம்மைப் பிடித்து உலுக்கவே வைத்தது போலத்தான் இருக்கிறது.

சரி, ஒரே ஷாட் எப்படிச் சாத்தியமானது? இயக்குநர் பிலிப் பாரன்டினி, ஒளிப்பதிவாளர் மேத்யூ லூயிஸ், ஸ்டீபன் கிரஹாம் மூவரும் 'பாயிலிங் பாயின்ட்' படத்தில் ஏற்கனவே இதைச் செய்தவர்கள். இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் நடிகர்களோடு ஒத்திகை, தொழில்நுட்பக் குழுவோடு ஒத்திகை, பிறகு படப்பிடிப்பு என்று வாரக்கணக்கில் ஒதுக்கினார்கள். படப்பிடிப்பு வாரத்தில் நாளைக்கு இரண்டு தடவை, முழுப் பகுதியும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை. முதல் பகுதியில் நாம் பார்ப்பது இரண்டாவது தடவை எடுத்தது. யார்க்‌ஷயரில் சவுத் கிர்க்பி என்ற இடத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குள் ஸ்டேஷனைக் கட்டினார்கள். வேன் வெட்டில்லாமல் வந்து சேர வேண்டும் என்பதால் மில்லர் குடும்பத்தின் வீட்டை அதற்குப் பக்கத்திலேயே தேடிப் பிடித்தார்கள். கேமரா ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது, வண்டியில் ஏறுகிறது, இறங்குகிறது. ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு வாய்ப்பு. அதற்கே 2025 செப்டம்பரில் எம்மி விருது வாங்கினான், 15 வயதில். நடிப்புக்காக எம்மி வாங்கிய ஆண்களில் அவன்தான் வயதில் இளையவன்.

வித்தை என்பதைத் தாண்டி இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கேமரா ஒரு நேரத்தில் ஒரு அறையில்தான் இருக்க முடியும். போலீஸ் தங்களுக்குள் என்ன பேசினார்கள், அம்மா வெளியே என்ன செய்கிறார், எதற்கும் வெட்டிப் போக முடியாது. நமக்குத் தெரிவது ஏறக்குறைய எடிக்குத் தெரியும் அளவுதான். ஓரிரு இடத்தில் போலீஸ் பக்கம் போகிறது, அங்கும் கையில் இருக்கும் துருப்பை நமக்குக் காட்டுவதில்லை.

அந்தத் துருப்பை மறைத்து வைப்பதும் சட்டத்துக்கு உட்பட்டதே. விசாரணைக்கு முன் வக்கீலிடம் என்ன குற்றச்சாட்டு, ஏன் சந்தேகம் என்று புரியும் அளவுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் எல்லாச் சாட்சியத்தையும் காட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ப்பது அங்கே வழக்கமான உத்தி. முதலில் ஒரு பொய் சொல்ல இடம் கொடுத்து, அப்புறம் படத்தை வைப்பது. எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாத வக்கீல் வேறு என்ன ஆலோசனை சொல்வார்? 'கருத்து சொல்ல விரும்பவில்லை' என்று சொல், அவ்வளவுதான்.

ஆனால் அந்த மௌனத்துக்கும் விலை இருக்கிறது. கைது செய்யும்போது சொல்லும் எச்சரிக்கையைக் கவனியுங்கள். நீ எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிற்பாடு நீதிமன்றத்தில் நீ சார்ந்திருக்கப் போகும் ஒன்றை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால் அது உன் தரப்பைப் பாதிக்கலாம். நீ சொல்வது எதுவும் சாட்சியமாகலாம். அமெரிக்கத் தொடர்களில் 1966-ன் மிராண்டா தீர்ப்பை ஒட்டி வரும் எச்சரிக்கையில் அந்த நடு வாக்கியம் இருக்காது. அது 1994 சட்டத்தில் வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் ரன்சிமன் தலைமையிலான அரச ஆணையம், மௌனத்தைக் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வழி செய்யக் கூடாது என்று பெரும்பான்மையாகப் பரிந்துரைத்திருந்தது. கில்ட்ஃபோர்டு நால்வர், பர்மிங்ஹாம் அறுவர் என்று நிரபராதிகள் பல வருடம் சிறையில் கிடந்தது வெளிவந்து, அதன் தொடர்ச்சியாக அமைந்த ஆணையம் அது. அரசு நேர் எதிராகச் செய்தது.

அந்த எச்சரிக்கையை ஒரு 13 வயதுப் பையன் புரிந்துகொள்ள வேண்டும். பெரியவர்களுக்கே இரண்டு தடவை படித்தால்தான் பிடிபடும். ஜேமி சில கேள்விக்கு வக்கீல் சொன்னபடி ஒதுங்குகிறான், சிலவற்றுக்குத் தன்னை அறியாமல் பதில் சொல்கிறான். இன்ஸ்டாகிராமில் பெண் மாடல்களின் படங்களுக்குக் கீழே அவன் போட்ட கருத்துகளை ஃபிராங்க் படித்துக் காட்டும்போது அப்பாவுக்கு அது புதுச் செய்தி. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததால்தான் தெரிந்துகொள்கிறார். கொலை வழக்கை விட்டுவிடுங்கள், எந்த அப்பாவும் தன் பையனின் போனுக்குள் இருப்பதை மூன்று அந்நியர்கள் முன்னால் கேட்க நேர்ந்தால் அந்த முகம்தான் வரும்.

பிறகு வாகன நிறுத்தத்தின் சிசிடிவி. கேட்டி என்ற பெண்ணை ஜேமி பின்தொடர்வது, வாக்குவாதம், கத்திக்குத்து. தூரத்திலிருந்து, சத்தமில்லாமல். முதல் பகுதி முடிவதற்குள் கேள்வி முடிந்துவிட்டது.

கொலைச் சந்தேகநபரைப் பற்றிய தொடர்கள் பொதுவாக இதைச் செய்யாது. 2016-ல் வந்த 'தி நைட் ஆஃப்' தொடரின் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-ன் பிபிசி தொடர் 'கிரிமினல் ஜஸ்டிஸ்'தான் அதற்கு மூலம், பின்னால் இந்தியிலும் அதே பெயரில் வந்தது. நியூயார்க்கில் நாசிர் கான் என்ற மாணவன் ஒரு பெண்ணோடு இரவைக் கழிக்கிறான், விழித்துப் பார்த்தால் அவள் குத்துப்பட்டுக் கிடக்கிறாள். நடுவில் என்ன நடந்தது என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த இருட்டுதான் மீதிப் பகுதிகளுக்கு எரிபொருள். அவன் செய்தானா இல்லையா என்ற ஊசலாட்டத்திலேயே எட்டுப் பகுதி ஓடும். மிக நல்ல தொடர் அது, குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நாம் துப்பறியும் வேலையில் இருக்கிறோம், பையனின் பெற்றோர் பெரும்பாலும் வெளியே இருக்கிறார்கள். நாசிருக்கு வயது வந்துவிட்டது, அறைக்குள் அவர்களுக்கு நாற்காலி போட எந்தச் சட்டமும் இல்லை.

'அடோலசென்ஸ்' மர்மத்தை முதல் மணி நேரத்திலேயே செலவழித்துவிட்டு, 'ஏன்' என்பதோடு மூன்று பகுதி மிச்சம் வைக்கிறது. இதற்குத் தைரியம் வேண்டும். ஆனால் அந்த நாற்காலி இல்லாமல் அந்தத் தைரியம் பலித்திருக்காது. அதே பதிவை பாஸ்கோம் தன் மேசையில் தனியாகப் பார்த்திருந்தால் அது ஒரு தடயம். ஜேமியிடம் மட்டும் காட்டியிருந்தால் ஒரு வெற்றி. மகன் சொன்ன 'இல்லை'யை நம்பி உட்கார்ந்திருந்த அப்பாவின் கண் முன்னால் ஓடுவதால்தான் அது கதையாகிறது. மகன் தொட வரும்போது எடியின் உடம்பு ஒரு கணம் பின்வாங்குகிறது. அப்புறம் கட்டிக்கொண்டு அழுகிறார். குழந்தையைப் போலீஸிடமிருந்து காப்பாற்ற 1984-ல் போட்ட நாற்காலி, குழந்தை செய்ததை அப்பா பார்க்க வேண்டிய இடமாக மாறிவிடுகிறது. சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள், யோசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கான்ஃபெயிட் வழக்கின் பையன்கள் செய்யாததைச் செய்ததாகச் சொன்னார்கள். ஜேமி செய்ததைச் செய்யவில்லை என்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே விதிதான் பொருந்த வேண்டும்.

பாஸ்கோமுக்கும் இந்த வயதையொட்டி ஒரு மகன் இருக்கிறான் என்பது தொடக்கத்திலேயே, காரில் அவர் கேட்கும் குரல் செய்தியில் வந்துவிடுகிறது. பள்ளிக்குப் போகாமல் இருக்க மகன் காரணம் தேடுகிறான். அப்போது அது சும்மா சிரிப்புக்குச் சொன்னது போல இருக்கும். இரண்டாம் பகுதியில் அந்த மகன்தான், கேட்டி இன்ஸ்டாகிராமில் ஜேமிக்குப் போட்ட எமோஜிகளின் அர்த்தத்தை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்து வழக்கின் திசையைத் திருப்புகிறான்.

வயது விஷயத்தில் ஒன்று. இங்கிலாந்து, வேல்ஸில் குற்றப் பொறுப்பு 10 வயதில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் இது மிகக் குறைவான வயதுகளில் ஒன்று. 10 முதல் 14 வரையிலான குழந்தைக்குத் தான் செய்தது தவறு என்று புரிந்திருந்ததை அரசுத் தரப்பு தனியாக நிரூபிக்க வேண்டும் என்ற பழைய விதி ஒன்று இருந்தது. 1998-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். 1993-ல் இரண்டு 10 வயதுச் சிறுவர்கள் லிவர்பூல் அருகே ஒரு சின்னக் குழந்தையைக் கொன்ற வழக்குக்குப் பிறகு நாட்டின் மனநிலை இந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆக 13 வயது ஜேமி ஸ்டேஷனில் குழந்தை, துணைக்கு ஆள் உண்டு. குற்றத்தின் முன்னால் ஏறக்குறைய பெரியவன். கொலை என்பதால் வழக்கு சிறார் நீதிமன்றத்தில் முடியாது, பெரிய குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றத்துக்குப் போகும். 2022-ல் திருத்திய சட்டப்படி, 14 அல்லது அதற்குக் குறைந்த வயதில், சம்பவ இடத்துக்குக் கத்தியைக் கொண்டுபோய்க் கொலை செய்தால், குறைந்தபட்சச் சிறைக்காலத்தைக் கணக்கிடத் தொடங்கும் புள்ளி 13 வருடம். நீதிபதி அதைக் கூட்டலாம், குறைக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் கொஞ்சம் கழியும்.

தொடர் அந்தத் தீர்ப்பு வரை போகவில்லை. கைதாகி 13 மாதம் கழித்து, நான்காம் பகுதியில், எடியின் 50-வது பிறந்தநாள் அன்று ஜேமி போனில் சொல்கிறான், குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று. அப்படியென்றால் விசாரணை நடக்காது. ஜூரி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது, அந்த சிசிடிவி பதிவு எந்த நீதிமன்றத் திரையிலும் முழு வாதமாக ஓடப்போவதில்லை. முதல் பகுதியின் அந்தச் சின்ன அறையில், இரண்டு அதிகாரிகள், ஒரு வக்கீல், ஒரு பையன், ஒரு பிளம்பர் முன்னால் ஓடியதுதான் இந்த வழக்கில் சாட்சியம் விசாரிக்கப்பட்ட ஒரே தடவை.